நெஞ்சுக்குள் ஒரு பயறு

என் அன்பு மகனுக்கு,

இணுவில் கந்தன் சாட்சியாக, நம் வீட்டுக் கிணறு சாட்சியாக, "என்னை உந்த விளையாட்டிலை சேர்க்காதேங்கோ" என்று குசினிக்குள் இருந்து குரல் கொடுக்கும் உன் அம்மா சாட்சியாக, வலது கையை நெஞ்சில் வைத்து உறுதி கூறுகிறேன்: இனி நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினான்கு உலகத்திலும் ஒரு சீவன் நம்பாது. நீயும் நம்பமாட்டாய். உன் தகப்பன் தும்மினால் பருத்தித்துறையில் படகு கவிழும் என்று சொல்லித் திரிகிறவன் என்பது உனக்குப் பால்குடி மறக்குமுன்பே தெரியும். அது என் பிழை அல்ல, தொழிலின் பிழை. ஒருவர் வாய்க்குள் முணுமுணுப்பதை நாலு ஊருக்குப் பெருக்கிக் கொடுப்பதுதான் ஒலிபெருக்கிக்காரனின் சீவியம். கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு என்று இத்தனை காலமாக ஸ்பீக்கர் கட்டித் திரிந்ததில் அந்தப் பழக்கம் நாக்கிலும் கொஞ்சம் ஏறிவிட்டது. ஆகவே கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு வாசி. ஆனால் முடியும்வரை வாசி.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை நீ எடுத்த அழைப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். நான் வாயைத் திறந்ததும் நீ "சரி அப்பா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அன்று நீ முதலில் கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்பா, அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ?"

"இல்லை, சாமிக்குப் பூப்பிடுங்கிறா. ஏன்ரா?"

"கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பம்."

"எவ்வளவு தள்ளி? மண்டபக்காரன் ஆவணிக்குத் தந்ததே பெரிய காரியம்."

"ஒரு வருசம். இல்லாட்டி… தெரியேல்லை அப்பா."

பிறகுதான் விஷயம் வந்தது. ரொறன்ரோவில் உன்னோடு வேலை செய்கிற பெடியள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஸ்கான் எடுக்கப் போயிருக்கிறீர்கள். எங்கேயாவது புற்றுநோய் ஒளிந்திருந்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று. ஒருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. படம் பார்க்கப் போவதுபோல் போயிருக்கிறீர்கள். உன் படத்தில் சிறுநீரகத்தில் ஓர் உளுந்தளவு புள்ளி. "பெரும்பாலும் ஒன்றுமாக இராது, ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்ப்போம்" என்று டொக்டர் சொன்னதை நீயே என்னிடம் சொன்னாய். சொல்லிவிட்டு, அவர் சொன்ன "ஒன்றுமாக இராது" என்பதை அங்கேயே போட்டுவிட்டு, "பெரும்பாலும்" என்பதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"அதுக்குள்ளை தர்சினியைக் கட்டி, பிறகு ஏதுமெண்டா? அவளின்ரை வாழ்க்கையை நான் பழுதாக்கேலாது. நீங்கள் அவளுக்கு ஒண்டும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

நானும் விசரன் மாதிரிச் சத்தியம் பண்ணினேன்.

மகனே, உன்னைக் கேலி செய்ய நான் பேனா எடுக்கவில்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியும். அது குளிக்கும்போது கூட வந்து நிற்கும். சோற்றைப் பிசையும்போது விரலுக்குள் கல்லாகத் தட்டுப்படும். சாவி எங்கே வைத்தோம் என்று தேடும்போது மட்டும் ஒரு கணம் விலகும். சாவி கிடைத்ததும் திரும்பி வரும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நாங்கள் உனக்கு அரைவாசிதான் சொன்னோம். மற்ற அரைவாசி இதோ.

எனக்கு அறுபது வயது நிறைந்தபோது ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகள் தகப்பன்மாருக்குப் பட்டு வேட்டி அனுப்பினார்கள், மணிக்கூடு அனுப்பினார்கள். நீ எனக்கு ஒரு ஸ்கான் அனுப்பினாய். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், உடம்பு முழுவதும், தேநீரும் பிஸ்கற்றும் உட்பட. நான் மாப்பிள்ளைக் கோலத்தில் வெள்ளை வேட்டி கட்டி ரயிலேறினேன். அங்கே அதை அவிழ்த்துவிட்டு, முதுகுப்பக்கம் திறந்த ஓர் அங்கியைக் கொடுத்தார்கள். அந்த அறையின் குளிரில் இமயமலை முனிவர்கள் கம்பளி கேட்டிருப்பார்கள். மெசின் நல்லூர்த் தேரைவிடப் பெரியது. வடம்பிடிக்க ஆள் இல்லாத குறை ஒன்றுதான். என்னை அதன் வாய்க்குள் தள்ளியதும் மேலே இருந்து ஒரு குரல் வந்தது. "மூச்சை உள்ளே இழுக்கவும். பிடிக்கவும்." மகனே, அந்தக் குரல் வந்த ஸ்பீக்கர்! தகரப் பேணிக்குள் விழுந்த தவளை அதைவிடத் தெளிவாகக் கதைக்கும்.

"தங்கச்சி, உந்த ஸ்பீக்கர் கிழிஞ்சு போய்க் கிடக்கு," என்றேன் மெசினுக்குள் கிடந்தபடி.

"ஐயா, அசையாதேங்கோ. முதல் உங்கடை உள்ளைப் பாப்பம், பிறகு எங்கடை ஸ்பீக்கரைப் பாப்பம்."

றிப்போட் வந்தது. அன்றுதான் எனக்கு என் பெருமை விளங்கியது. நான் ஒரு மனிதன் அல்ல, பழம்பொருள் அடுக்கிய நூதனசாலை. ஈரலில் கொழுப்பு. பித்தப்பையில் கல், கீரிமலைக் கரையிலிருந்து உருண்டு வந்திருக்க வேண்டும். சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி. முதுகெலும்பில் தேய்மானம். இவை எல்லாவற்றுக்கும் சிகரமாக, வலது சுவாசப்பையில் பயறளவு ஒரு முடிச்சு. இத்தனையையும் சுமந்துகொண்டு நான் முந்திய கிழமை கோயில் கோபுரத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டியிருந்தேன்.

அந்த டொக்டர் நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை, இளந்தாரி. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, இருமல் இருக்கோ?"

"இல்லை."

"இளைப்பு? உடம்பு மெலியிறது?"

"வேட்டி இடுப்பிலை நிக்குது டொக்டர். நிக்காமல் விடுறது சந்தோசமான நாளிலைதான்."

"அப்ப ஆர் உங்களை ஸ்கான் எடுக்கச் சொன்னது?"

"என்ரை மகன். அன்பிலை."

அவர் சிரித்தார். பிறகு கதிரையை எனக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சுகமாயிருக்கிற ஒரு மனுசரை முழுக்கப் படம் பிடிச்சால் எங்கையாவது ஏதாவது தெரியும் ஐயா. ஒண்டும் தெரியாட்டித்தான் எனக்கு ஆச்சரியம். இது பழைய தழும்பாயும் இருக்கலாம். சில மாசம் பொறுத்துத் திரும்ப எடுத்துப் பாப்பம். வளராட்டி விட்டிடலாம். இல்லை, பொறுக்கேலாது எண்டால் ஊசி விட்டு ஒரு துண்டு எடுத்துப் பாக்கலாம். ஆனா அந்த ஊசியிலையும் கரைச்சல் இருக்கு, சுவாசப்பையிலை காத்துக் கசியலாம். நான் உங்கடை இடத்திலை இருந்தால் பொறுப்பன்."

"பொறுப்பேன்" என்றேன் நானும். சொல்லும்போது நான் பெரிய முனிவன். என் தவம் ரயில் வவுனியா தாண்டும்வரை நீடித்தது. அதற்குப் பிறகு தண்டவாளத்தில் சில்லுகள் போட்ட தாளம் முழுவதும் "பயறு, பயறு" என்றே கேட்டது.

உனக்கு "எல்லாம் நல்லம் ராசா, கொஞ்சம் கொழுப்பாம்" என்று அறிவித்தோம். உன் பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்கும் சொல்லவில்லை. நம் ஆட்களிடையே வருத்தம் என்பது கலியாண வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் சுவருக்கும் சொல்லக்கூடாத விஷயம் அல்லவா? உன் அம்மா வாயைப் பூட்டித் திறப்பைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டாள். ஒரே ஓர் ஆளிடம் மட்டும்தான் சொன்னாள். முருகனிடம். எனக்குத் தெரியாமல் என் பெயரில் ஓர் அபிஷேகத்துக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது வேண்டுதலை விவரமாக எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

கோயிலில் உபயகாரர் பெயரை மைக்கில் வாசிப்பவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறிய மாஸ்ரர் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு மைக்கைக் கண்டால் குழந்தை இனிப்பைக் கண்டதுபோல. அன்று காலைதான் நான் நான்கு ஸ்பீக்கரையும் நான்கு திசைக்கும் திருப்பிக் கட்டி, கரகரப்பு இல்லாமல், எதிரொலி இல்லாமல், என் வாழ்நாளிலேயே இல்லாத துல்லியத்துக்குச் சரிசெய்துவிட்டுத் தேர்முட்டி நிழலில் களைப்பாறிக்கொண்டிருந்தேன். மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். "இன்றைய விசேட அபிஷேக உபயம்: இவ்வாலயத்துக்கு நீண்டகாலமாக ஒலிபெருக்கிச் சேவை ஆற்றிவரும் அன்பர், தமது வலது சுவாசப்பையில் ஏற்பட்டுள்ள கட்டி கரைந்து நலம் பெற வேண்டி, அவர்தம் துணைவியார்."

மகனே, அந்த ஒலியின் அழகை நான் எப்படிச் சொல்வேன்! ஒவ்வோர் எழுத்தும் மணி மணியாக விழுந்தது. வலது என்பதில் உள்ள 'ல'வும் கட்டி என்பதில் உள்ள 'ட்'டும் கோண்டாவிலைத் தாண்டி, தாவடியைத் தாண்டி, கடலைத் தாண்டிப் போக, இராமேஸ்வரத்தில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக் கேள்வி. நான் ஓடினேன். வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"மாஸ்ரர்! என்ன செய்து போட்டியள்!"

அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பதறிப்போனார். "ஏன், உச்சரிப்புப் பிழைச்சுப் போச்சோ?"

வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டேன், ஏன் இவ்வளவு விவரம் எழுதிக் கொடுத்தாய் என்று. அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "எந்த இடமெண்டு தெரியாமல் முருகன் எப்பிடி எடுக்கிறது?" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "நீங்கள் இரவிலை நித்திரை கொள்ளுறேல்லை. நான் வேறை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" என்றாள்.

அன்று பின்னேரமே படையெடுப்பு ஆரம்பமானது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்பிள் பழத்துக்குத் தட்டுப்பாடு வந்தது அந்தக் கிழமைதான். முந்திரிகைப் பழம் கொத்துக் கொத்தாகக் கூடத்தில் மலைபோல் குவிந்தது. நோயாளிக்கென்று வந்த சத்துமா நிறைந்த மாப்பேணிகளை அடுக்கி அதன்மேல் ஏறி நின்றால் கூரை ஓடு மாற்றலாம். உன் பெரியம்மா வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டாள்.

"ஐயோ, எப்பிடி இருந்த மனுசன்!"

"மச்சாள், நான் இப்பவும் அப்பிடித்தான் இருக்கிறன்."

"பாவம்," என்று உன் அம்மாவிடம் திரும்பிச் சொன்னாள், "தனக்கே விளங்கேல்லை."

இதெல்லாம் சிரிக்கத்தக்கது. அன்றைக்கும் சிரித்தேன். அடுத்து நடந்ததற்கு என்னால் சிரிக்க முடியவில்லை. கோயில் திருவிழாவுக்குப் பொறுப்பான பெடியள் இரண்டுபேர் வந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இந்தமுறை நீங்கள் ஏறிக் கட்டவேண்டாம். மானிப்பாயிலை ஒரு ஆளைப் பிடிச்சிட்டம். நீங்கள் வந்து கதிரையிலை இருங்கோ, அது காணும்." அவ்வளவும் அன்பு, மகனே. ஒரு சொல்லில்கூடக் குற்றம் இல்லை. நான் போய்க் கதிரையில் இருந்தேன். இருந்தவன் எழும்பவில்லை. வருகிற எல்லோரும் இருமல் இருக்கிறதா என்று கேட்டதில், மரியாதைக்கு இருமத் தொடங்கி, அது எனக்கே பழகிவிட்டது. படியேறினால் மூச்சு வாங்குவதுபோல் இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. வேட்டி உண்மையிலேயே இடுப்பில் நிற்காமல் போனது. அந்தப் பயறு, பிறகு தெரிந்தபடி, ஒரு நூல்கூட வளரவில்லை. நான்தான் அதைச் சுற்றிச் சுருங்கிக்கொண்டு வந்தேன்.

உனக்கு அறிவுரை சொல்லத் தகுதி எனக்கு இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. நோய் வந்து கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் கெட்டது நோய் இல்லாமல்.

டொக்டர் சொன்ன மாதங்கள் வருவதற்குள் நானே போய் நின்றேன். "ஊசியை விடுங்கோ டொக்டர். எதெண்டாலும் தெரிஞ்சால் காணும்." அவர் இரண்டு முறை வேண்டாம் என்றார். நான் மூன்று முறை வேண்டும் என்றேன். ஊசி விட்டார்கள். வாசுகிப் பாம்பைவிட நீளமான ஊசி என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவர் பயந்தது நடந்தது. சைக்கிள் ரியூபில் முள் ஏறியதுபோல் காற்று கசிந்து, நல்லாயிருந்த சுவாசப்பையின் ஒரு பக்கம் சுருங்கிவிட்டது. விலாவில் துளை போட்டு, குழாய் செருகி, கட்டிலோடு கட்டிப் போட்டார்கள். நடந்து போனவன் நான். உன் அம்மா பக்கத்தில் ஒரு ஸ்ரூலில் இருந்தாள். அந்த நாட்களில்தான் நீ ஒருமுறை வீடியோவில் அழைத்தாய். நான் தலையணையை நிமிர்த்தி, குழாய் தெரியாமல் போர்வையை இழுத்து, "உறவுக்காரர் வீட்டிலை நிக்கிறன் ராசா" என்றேன். பின்னால் தாதி போனதைப் பார்த்து, "அது ஆர்?" என்று கேட்டாய். "அவையின்ரை மருமகள். வெள்ளை உடுப்புத்தான் போடுவா" என்றேன். நீ நம்பினாய்.

முடிவு வந்தது. பழைய தழும்பு. எப்போதோ எனக்கு வந்து, எனக்கே சொல்லாமல் மாறிப்போன ஏதோ ஒரு சளியின் அடையாளம். டொக்டர் சொல்லி முடித்ததும் உன் அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து வெடித்தாள்: "முருகனுக்கு நான் இடம் சரியாத்தான் சொன்னனான். அந்தாளும் கவனிச்சுத்தான் வைச்சிருந்தவர். நீங்கள்தான் அவசரப்பட்டுக் குத்துவிச்சு ஓட்டையாக்கினது!" அந்த வார்ட்டில் இருந்த நோயாளர் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரித்தால் விலா நோகும். ஆகவே நான் அழுதேன்.

என் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. மைக்கின் திருகை முழுவதும் திருப்பிவிட்டால், ஒருவர் வாய் திறக்குமுன்பே ஸ்பீக்கரில் "உஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல் கேட்கும். நுளம்பு பறப்பது கேட்கும். அடுத்த தெருவில் ஓடும் மோட்டார் கேட்கும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் மெசின் பழுது என்று கழற்றத் தொடங்குவான். பழுது ஒன்றும் இல்லை. அந்த இரைச்சல் எப்போதும் அங்கேதான் இருந்தது. ஊமையாகக் கிடந்த உடம்புகளை இப்போது அந்த அளவுக்குத் திறந்து கேட்கிறார்கள். கேட்பது பொய் என்று சொல்லமாட்டேன். கேட்டதெல்லாம் பேச்சு அல்ல என்றுதான் சொல்கிறேன்.

இதை வைத்துக்கொண்டு, அப்பா டொக்டரிடம் போகவேண்டாம் என்கிறார் என்று நினைத்துவிடாதே. என்னோடு ஜெனரேற்றர் கொண்டுவந்துகொண்டிருந்த செல்வம் அண்ணையை உனக்குத் தெரியும். அவருக்கு இருமும்போது இரத்தம் வந்தது. வெற்றிலைச் சாறு என்று சொல்லிச் சொல்லி மறைத்தார். போனபோது பிந்திவிட்டது. அவருடைய செத்தவீட்டுக்கு நான்தான் ஸ்பீக்கர் கட்டினேன். அன்று என்னால் எந்த ஒலியையும் சரியாக வைக்க முடியவில்லை. உடம்பு தானாகக் கூப்பிட்டால் அன்றைக்கே போ, ஓடிப் போ. உன்னுடைய உடம்பு கூப்பிடவில்லை. நீ போய்க் கதவைத் தட்டினாய். உள்ளே யாரோ திரையை விலக்கி எட்டிப் பார்த்திருக்கிறார்கள். யாரென்று அடுத்த வருடம் போய்ப் பார். கட்டாயம் பார். அது கெட்டதாக இருந்தாலும், அவ்வளவு சின்னதாக இருக்கும்போது கண்டதுதான் நல்லது என்று உன் டொக்டரே சொல்லுவார். அதுவரைக்கும் உன் சீவியத்தைக் கதிரையில் இருத்தி வைக்காதே.

இனித் தர்சினி. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மற்றதெல்லாம் சுற்றிக் கட்டிய வயர்.

நேற்றுப் பின்னேரம் அவள் உடுப்பிட்டியிலிருந்து தன் ஸ்கூட்டியில் வந்தாள். பள்ளிக்கூடம் விட்ட கையோடு, படிப்பித்த சேலையோடு, மழையோடு. அது மழையல்ல, ஊழிக்காலம். வழுக்கியாறு கரை புரண்டு, முதலைகள் மருதனாமடச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றன. நீ கொஞ்ச நாளாக அழைப்பை எடுப்பதில்லையாம். "கொஞ்சம் பொறுங்கோ, பிறகு சொல்லுறன்" என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறாயாம். நான் வாசலில் தடுமாறினேன். உன் அம்மா துவாயைக் கொடுத்து உள்ளே கூட்டிவந்தாள். அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ அழைத்த அன்றைக்கே அவள் என் முகத்தில் வாசித்துவிட்டாள்.

உனக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன் அல்லவா? ஆகவே உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் பயறின் கதையைச் சொன்னேன். ரயில், தவளை, மாஸ்ரர், மாப்பேணி, ஊசி எல்லாம் சொன்னேன். அவள் கணக்கு ரீச்சர், மகனே. ஒரு பக்கம் தந்தால் மறுபக்கம் தானாகக் கண்டுபிடிக்கிறவள். கதை முடிந்ததும் எழும்பி நின்றாள். கண்ணில் தீப்பொறி பறந்தது. கூடத்துத் திரைச்சீலை கருகிய அடையாளம் இன்னும் இருக்கிறது.

"மாமா, அவர் எனக்குப் பயந்து ஓடுறாரெண்டா எனக்குக் கோபம். என்னைக் காப்பாத்துறனெண்டு நினைச்சுக்கொண்டு ஓடுறாரெண்டா எனக்கு அதைவிடக் கோபம். என்ரை சீவியத்துக்கு என்ன பழுதெண்டு நான் எல்லே சொல்லவேணும்? எனக்கு உள்ளுக்கை என்னென்ன கிடக்கோ, ஆர் கண்டது? நான் ஸ்கான் எடுக்கேல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!"

இப்படி ஒரு மணிநேரம் முழங்கினாள். ஊர் திரண்டு படலையில் நின்று கைதட்டியது. உன் அம்மா ஆரத்தி எடுத்தாள்.

சரி. இவ்வளவு தூரம் வாசித்துவிட்டாய். இந்தக் கடிதத்தில் நான் எங்கெங்கே எவ்வளவு கூட்டிச் சொன்னேன் என்பதை உன் அம்மாவிடம் கேள். அவள் ஈவிரக்கம் இல்லாமல் கழித்துக் கொடுப்பாள். முழக்கம் என் கைச்சரக்கு. தர்சினி அப்படி ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான்தான் அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மழை விடுவதற்கு முன்பே புறப்பட்டாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டிவரை போனேன். தலைக்கவசத்தைப் போட்டு, வாரைக் கொழுவ முடியாமல் கொஞ்சநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"மாமா, அவருக்கு நோகுதோ?"

இந்தச் சின்னத் துண்டு மட்டும் முழு உண்மை. கூட்டாமல், குறைக்காமல், அவள் சொன்ன அதே சத்தத்தில் எழுதியிருக்கிறேன். "கேட்டுச் சொல்லுறன் பிள்ளை" என்று நான் சொல்லவில்லை. நீதான் அவளுக்குச் சொல்லவேண்டும்.

அன்புடன்,
அப்பா